அளவறிந்து மருந்து கண்ட மேதை டாக்டர் சுப்பாராவ்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலைக்கு மேலே போய்ச் சேரலாம். மேலே உள்ள ஊர்களை "நாடு" என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட நாடுகளில் ஒன்று வாழவந்தி நாடு.

கொல்லிமலை மூலிகைக்குப் பேர் போனது. மூலிகை தெரிந்த பெரியவர்களுக்கு அளவும் தெரியும். பெரியவருக்கு ஒரு பிடி என்றால் பிள்ளைக்கு ஒரு சிட்டிகை. அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி.

அந்த வாழவந்தி நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால், அரசாங்க நர்சு அவளுக்குச் சிவப்பு மாத்திரை கொடுக்கிறார். தினம் ஒன்று சாப்பிட வேண்டும். அதில் இரும்புச் சத்து இருக்கிறது. போலிக் அமிலம் என்ற வைட்டமினும் இருக்கிறது. போலிக் அமிலத்தின் அளவு அரை மில்லிகிராம். ஒரு கிராம் எடையை இரண்டாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! அந்தச் சிறு துளிதான் தாயின் ரத்தம் ஊறுவதற்கு உதவுகிறது.

இந்தப் போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்தியர். சென்னையில் படித்தவர். வறுமையில் வாடியவர். நோயில் விழுந்து எழுந்தவர். கூடப் பிறந்தவர்களை நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காசிக்கு ஓடிய சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தார். ஊர் பீமாவரம். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர், அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம் சர்க்கார் வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரியது, வருமானம் சிறியது.

சுப்பாராவுக்குப் பதின்மூன்று வயது. படிப்பில் மனம் செல்லவில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று நினைத்தார். வீட்டை விட்டு ஓடினார். ஆனால் வழியிலேயே பிடிபட்டார். திரும்ப வீட்டுக்குக் கொண்டு வரப்பட்டார்.

மகன் படித்தே ஆக வேண்டும் என்று தாயார் உறுதியாக இருந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு தடவை தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாவது தடவை எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

துறவி ஆக வேண்டும் என்று ஒரு காலத்தில் அவர் விரும்பினார். ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தவர்களோ மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யும்படி அவருக்கு யோசனை கூறினார்கள். அதன்படி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ல் சுப்பாராவ் மணந்தார்.

கதராடையும் பட்டமும்

அது காந்தியடிகள் நாட்டைத் தட்டி எழுப்பிய காலம். சுப்பாராவ் அந்நியத் துணியை விட்டார். ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி அணிந்து போனார். இது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் மருத்துவ உத்தியோகமும் கிட்டவில்லை.

எட்டு நாளில் இரண்டு சாவு

இதற்கிடையே குடும்பத்தில் இடி விழுந்தது. இரண்டு சகோதரர்கள் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். "ஸ்புரூ" என்ற நோய் அவர்களைக் கொண்டு போயிற்று.

இந்த நோய் வந்தால் நாக்கு புண்ணாகும். வயிற்றுப் போக்கு நிற்காது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றி மனிதன் எலும்பும் தோலுமாவான். அன்று அதற்கு ஆங்கில வைத்தியத்தில் சரியான மருந்து இல்லை.

சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. சென்னையில் ஆசண்ட லட்சுமிபதி என்ற டாக்டர் இருந்தார். ஆங்கில வைத்தியமும் ஆயுர்வேதமும் தெரிந்தவர். அவர் கொடுத்த ஆயுர்வேத மருந்தால் சுப்பாராவ் பிழைத்தார்.

லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் சுப்பாராவ் ஆசிரியரானார். உடற்கூறு பற்றிப் பாடம் சொன்னார். ஆனால் மனத்தில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. தம்மைக் காப்பாற்றிய மருந்தில் இருந்தது எந்தச் சத்து? அதில் எவ்வளவு கொடுத்தால் போதும்? அதைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியுமா?

விடை தேடி அமெரிக்கா போக முடிவு செய்தார். காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும ஸ்தாபனமும் மாமனாரும் பண உதவி செய்தார்கள். சேஷகிரி அப்போது கர்ப்பிணி. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுச் சுப்பாராவ் கப்பலேறினார்.

இரவில் வேலை, பகலில் படிப்பு

1922-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிப் படித்தார். உபகாரச் சம்பளம் கிடையாது. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்காரராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார். அவர் கையில் டாக்டர் பட்டம் இருந்தது. ஆனாலும் எந்த வேலையையும் கேவலமாக நினைக்கவில்லை.

ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தது. அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு வயது நிறையும் முன்பே தொற்று நோய் அந்தக் குழந்தையைக் கொன்றுவிட்டது. மகனின் முகத்தைத் தகப்பன் பார்க்கவே இல்லை.

சுப்பாராவ் ஆராய்ச்சியில் மூழ்கினார். சைரஸ் பிஸ்கே என்ற பேராசிரியரிடம் வேலை செய்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். 1925-ல் அது வெளியாயிற்று. சில மருந்துகளைக் கலந்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அழுத்தமோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. சுப்பாராவுக்கு முதலில் புகழ் வாங்கித் தந்தது இந்த "அளவு"தான்.

பிறகு தசைகளுக்குச் சக்தி தரும் பொருள்களை ஆராய்ந்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டார்கள். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமான் என்ற விஞ்ஞானியும் தனியே அதைக் கண்டார். நாம் கையை அசைப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் வேண்டிய சக்தியை நம் உடம்பு ஏ.டி.பி. மூலமே செலவிடுகிறது.

1930-ல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வார்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் அங்கிருந்து விலகினார். நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே சேர்ந்தார். 1942-ல் ஆராய்ச்சி டைரக்டர் ஆனார்.

குன்னூர் எலிகள்

அவர் தேடிய சத்துக்கு இந்தியாவிலேயே ஒரு முன்கதை உண்டு.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் ரத்த சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் உண்ணும் உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் ரத்த சோகை வந்தது. ஈஸ்டை உணவில் சேர்த்தபோது எலிகள் பிழைத்தன. நம் நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

பிறகுதான் ஒரு தவறு தெரிந்தது. எலிகளின் உடம்பில் பேன் இருந்தது. அந்தப் பேன் பரப்பிய தொற்றும் எலிகளின் ரத்தத்தைக் கெடுத்திருந்தது! எது உணவால் வந்தது, எது பேனால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. லூசி வில்ஸ் சோர்ந்து போகவில்லை. குரங்குகளிடம் சோதனையைத் திரும்பச் செய்தார். ஈஸ்டில் ஏதோ ஒரு சத்து இருப்பது உறுதியாயிற்று.

1941-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து இத்தகைய சத்தைத் துளி அளவு பிரித்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு உள்ள பெயரை வைத்துப் போலிக் அமிலம் என்று அழைத்தார்கள்.

சுப்பாராவின் குழுவினர் ஈரலிலிருந்தும் நுண்கிருமி வளர்ப்பிலிருந்தும் அதைப் பிரித்தார்கள். 1945-ல் அதைச் செயற்கையாகச் செய்து முடித்தார்கள். உடனே டாக்டர்கள் அதை ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். புண்பட்ட நாக்கு ஆறியது. ரத்தம் ஊறியது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது! அவர்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சுண்டெலிக்கு எத்தனை சொட்டு?

புது மருந்தை எடுத்த எடுப்பில் மனிதருக்குக் கொடுக்க முடியாது. முதலில் எலி போன்ற பிராணிகளிடம் பார்ப்பார்கள். இங்கேதான் அளவு என்ற பெரிய பிரச்சினை வருகிறது.

சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். அதன் உடம்பில் உள்ள மொத்த ரத்தம் இரண்டு மில்லிக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை! இத்தனை சிறிய உயிருக்கு மருந்தை எப்படி அளப்பது?

எடைக்குத் தக்கபடி அளக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்குப் பத்து மில்லிகிராம் மருந்து என்று வைத்துக்கொள்வோம். 25 கிராம் சுண்டெலிக்கு எவ்வளவு? கால் மில்லிகிராம். 250 கிராம் எலிக்கு? இரண்டரை மில்லிகிராம். அதனால் ஒவ்வொரு பிராணியையும் முதலில் நிறுத்துப் பார்க்கிறார்கள்.

மருந்தின் எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதைக் கரைக்கும் தண்ணீரின் அளவும் முக்கியம். வாய் வழியாகக் கொடுத்தால் ஒரு கிலோ எடைக்குப் பத்து மில்லி என்பது இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ள நல்ல வழக்கம். அதன்படி சுண்டெலிக்குக் கால் மில்லி. எலிக்கு இரண்டரை மில்லி. கால் மில்லிகிராம் மருந்தைக் கால் மில்லி நீரில் கொடுக்க வேண்டும். அப்படியானால், ஒரு மில்லி நீருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து என்று கரைத்தால் கணக்குச் சரியாகிவிடும். ரத்தக் குழாயில் ஊசி போடுவதானால் நீரின் அளவை இன்னும் குறைக்க வேண்டும்.

நீர் அதிகமானால் என்ன ஆகும்? சின்ன வயிறு தாங்காது. மருந்து மேலேறி மூச்சுக் குழாயில் புகுந்துவிடும். பிராணி துடிக்கும், சாகவும் சாகும். அது மருந்தால் செத்ததா, தண்ணீரால் செத்ததா என்று யாருக்கும் தெரியாது. குன்னூர் எலிகளின் பேனைப் போலத்தான் இதுவும். காரணம் இரண்டாகிவிட்டால் உண்மை மறைந்துவிடும். நீரை ரொம்பவும் குறைத்தாலும் ஆபத்து. மருந்து காரமாகிக் குடலைப் புண்ணாக்கும்.

இதனால்தான் ஒரு கூட்டம் எலிகளுக்கு மருந்து இல்லாத வெறும் திரவத்தைக் கொடுப்பார்கள். மற்றக் கூட்டங்களுக்குக் குறைந்த அளவு, நடு அளவு, கூடிய அளவு என்று கொடுப்பார்கள். எப்போதும் குறைவாகவே தொடங்குவார்கள்.

1927-ல் டிரெவன் என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு முறை சொன்னார். பிராணிகளில் பாதி எந்த அளவில் சாகின்றன என்று பார்த்து மருந்தின் நஞ்சை அளக்கும் முறை அது. பல ஆண்டுகள் அது நடந்தது. அதற்காக ஏராளமான பிராணிகள் மாண்டன. 2002-ல் பன்னாட்டுச் சோதனை நெறிகளிலிருந்து அந்தப் பழைய முறை நீக்கப்பட்டது. சில பிராணிகளோடு, அவற்றின் துன்பத்தைக் குறைத்து முடிக்கும் முறைகள் வந்துவிட்டன. நம் நாட்டிலும் 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது.

எலிக்குச் சரியான அளவை எடையால் பெருக்கி மனிதருக்குக் கொடுத்துவிடலாமா? கூடாது. சிறிய பிராணியின் உடம்பு மருந்தை வேகமாகச் செலவழித்துவிடும். கிலோவுக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் சுண்டெலி தாங்கினால், மனிதருக்கு அது ஒரு மில்லிகிராமுக்குச் சமம் என்று இன்று கணக்கிடுகிறார்கள். எலியானால் ஆறுக்கு ஒன்று. அதிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்தான் முதல் மனிதருக்குக் கொடுப்பார்கள்.

யானைக்கால் மருந்து

சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு குழு யானைக்கால் நோயோடு போராடியது. பருத்தி எலி என்ற அமெரிக்க எலிக்கு இயற்கையாகவே ஒரு வகை யானைக்கால் புழு வரும். அந்த எலிகளிடம் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நாய்களிடமும் பார்த்தார்கள். ஒரு மருந்து புழுக் குஞ்சுகளை ரத்தத்திலிருந்து விரட்டியது. 1947-ல் அந்தச் செய்தி வெளியாயிற்று. "ஹெட்ரசான்" என்ற பெயரில் மருந்து வந்தது.

இந்தியாவில் 1955-ல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது இந்த மருந்தே ஆயுதமாயிற்று. 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்தார்கள். அங்கும் அளவு உண்டு. இரண்டு முதல் ஐந்து வயது வரை 100 மில்லிகிராம். பதினான்கு வயது வரை 200. அதற்கு மேல் 300. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது.

நஞ்சே மருந்தான கதை

ரத்தப் புற்று நோய் வந்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் சாவு நிச்சயம். நியூயார்க் டாக்டர்கள் சிலர் போலிக் அமிலம் சுண்டெலிகளின் புற்றுக் கட்டியைக் குறைப்பதாக 1945-ல் அறிவித்தார்கள். எனவே சுப்பாராவின் குழு அதற்கு நெருங்கிய மருந்துகளைச் செய்து கொடுத்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

நடந்தது வேறு. ரத்தப் புற்று குறையவில்லை; வேகம் பிடித்தது! சுண்டெலி சொன்னது குழந்தைக்குப் பொருந்தவில்லை.

பார்பர் எதிர்ப்பக்கம் யோசித்தார். போலிக் அமிலம் நோயை வளர்க்கிறது என்றால், அதைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கலாம் அல்லவா? சுப்பாராவின் கூட்டாளிகள் அப்படிப்பட்ட எதிர்ப்பொருள்களையும் செய்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். கொடிய மருந்து. மிகச் சிறு அளவே சுண்டெலிகளுக்கு நஞ்சாகும்.

1947-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் அது முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். கொஞ்சம் கூடினாலும் வாய் முழுவதும் புண்ணாகும். அதனால் தினம் வாயைப் பார்த்து, ரத்தத்தைப் பார்த்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். 1948 ஜூனில் முடிவு வெளியாயிற்று. பதினாறு குழந்தைகளில் பத்துக் குழந்தைகளுக்கு நோய் பின்வாங்கியிருந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். அது நிரந்தரம் அல்ல, சில மாதங்களே. ஆனால் குழந்தைகளின் ரத்தப் புற்றை மருந்தால் அடக்க முடியும் என்று உலகம் கண்டது.

அதன் தம்பியாக வந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். இன்றும் புற்று நோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் அதைக் கொடுக்கிறார்கள். மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டு உயிர் இழந்தவர்கள் உண்டு. மருந்து அதேதான், அளவு தவறினால் எமன்.

தூக்கத்தில் போன உயிர்

சுப்பாராவ் ஆடம்பரம் அறியாதவர். சாதனைகளைத் தம் பெயரில் போட்டுக்கொள்ளாமல் கூட்டாளிகளை முன்னே நிறுத்தினார். பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர் அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் மண்ணில் உள்ள நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டார். 1948-ல் உலகுக்கு வந்த அந்த மருந்து எத்தனையோ தொற்று நோய்களை விரட்டியது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி இரவு சுப்பாராவ் தூங்கப் போனார். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இருதயம் நின்றுவிட்டது. அப்போது அவருக்கு வயது 53.

அவர் கடைசி வரை அமெரிக்கப் பிரஜை ஆகவில்லை. இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை. சுதந்திர இந்தியாவை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் வழியனுப்பிய சேஷகிரி மறுபடி கணவர் முகத்தைக் காணவில்லை.

1953-ல் புதிதாகக் கண்ட ஒரு பூசணத்துக்குச் சுப்பாராவின் பெயரை வைத்தார்கள். 1995-ல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது.

வாழவந்தி நாட்டில் நர்சு கொடுக்கும் சிவப்பு மாத்திரைக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. பேன் பிடித்த எலிகள் இருக்கின்றன. எட்டு நாளில் இறந்த இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். தினம் ஒன்று என்று நர்சு சொன்னால் தினம் ஒன்றுதான். மறந்துவிட்டோமே என்று மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது; அண்டை வீட்டாருக்குக் கொடுத்த மருந்தை நாம் விழுங்கவும் கூடாது.